மாடிப்படியில் இரண்டு கால் குறைவு

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலைப் பூசிவிட்டுப் பங்குச்சாமி ஒரு வேலையும் கொடுத்து அனுப்பினார். தவக்காலம் முடியும்வரை ஆளுக்கொரு நோட்டு போட்டு, அன்றன்றைக்குச் செய்த தப்பை எழுத வேண்டுமாம். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் நோட்டைத் திருத்தியவள் நான். என் நோட்டை யார் திருத்துவது என்று கேட்க நாக்கு துடித்தது; அடக்கிக்கொண்டேன். அந்தத் துடிப்பையே இன்றைய தப்பாக வைத்துக்கொள்ளலாம்.

அட்டையில் ‘எமரென்சியா, ஓய்வுபெற்ற ஆசிரியை, தூத்துக்குடி’ என்று எழுதியாயிற்று. பழக்க தோஷம். வகுப்பு, பிரிவு எழுதாமல் விட்டதே பெரிது.

வீட்டு நிலவரம்: தம்பி ரெஜினால்டின் மனைவி ஜெசிந்தா என் அறைக் கட்டிலில் படுத்திருக்கிறாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கணுக்காலில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஜனவரி முப்பதாம் தேதி துணி வாளியோடு மாடி ஏறியவள், படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்கக் கைப்பிடியில் சாய்ந்தாள். கைப்பிடி பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஐந்தடி உயரம். கூடத்துச் சிமெண்டுத் தரையில் விழுந்தாள்.

அப்பா பர்மா தேக்கில் போட்ட படி அது. கைப்பிடியைத் தாங்க வரிசையாக இருபத்திரண்டு கடைசல் கால்கள். எல்லாம் ஆட ஆரம்பித்ததால், போன ஜூனில் கொம்பையா ஆசாரியைக் கூப்பிட்டு மொத்தத்தையும் கழற்றி மறுபடி இறுக்கிப் போட்டோம். இப்போது திரும்பும் இடத்தில் இரண்டு கால் இல்லை. உடைந்த துண்டுகளை அன்றைக்கே குப்பை வண்டியில் போட்டாகிவிட்டது. ரெஜி அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டி வைத்திருக்கிறான்.

தவக்காலத்துக்குக் காப்பியை விட்டிருக்கிறேன். சாயங்காலமே தலைவலி.

பிப்ரவரி 20, வெள்ளி

ஜெசிந்தாவுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டேன். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, கீழே வாளி வைத்து, சீயக்காய் கண்ணில் படாமல் கையால் மறைத்து அலசினேன். இடுப்பைத் தாண்டிய முடி. சிக்கெடுக்கவே அரைமணி ஆனது.

“மைனி, நர்ஸ் ஒருத்திய வச்சுக்கிடலாம்னு அவங்க சொல்லுதாங்க. நீங்க எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்படுதீங்க?”

“நர்சுக்குச் சீயக்காய் போடத் தெரியுமா?” என்றேன்.

சிரித்தாள். கல்யாணமாகி வந்த இந்த ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரு பேச்சுக்கு அவள் சிரித்தது இது மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ. எங்களுக்குள் அடுப்படிச் சண்டை உண்டு. மீன் குழம்புக்குத் தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்பதில் ஆரம்பித்தால் அவள் அம்மா வீடுவரை போய்த்தான் நிற்கும். அதெல்லாம் இப்போது கிடையாது. அவள் சொல்கிறபடி அரைக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “நாத்தனார்னா எமரென்சி டீச்சர் மாதிரி இருக்கணும்” என்று ஒருத்தி. “பெத்த பிள்ளைய மாதிரில்லா பாக்குதாங்க” என்று இன்னொருத்தி. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெயில் அவ்வளவு இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஜெசிந்தாவுக்குச் சூப். துணி காயப்போட மாடிக்கு இரண்டு நடை. காப்பி குடிக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

பங்குப் பேரவைக் கூட்டம். நான்தான் செயலர், கூட்டக் குறிப்பு என் கையெழுத்தில்தான் இருக்கும். கோயிலில் பாடகர் மாடிக்கு ஏறும் மரப்படியின் கைப்பிடி முழுவதும் புதிதாகப் போட வேண்டும். அந்த வேலையைக் கொம்பையாவுக்குக் கொடுப்பதாக நவம்பரிலேயே பேசி முடித்திருந்தது. அவர் அதை நம்பி மரம் பார்த்து வைத்திருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

துணைத்தலைவர் கஸ்பார் தொண்டையைச் செருமினார். “டீச்சர் வீட்டு விசயம் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆசாரி போட்ட கைப்பிடி எட்டு மாசம் நிக்கல. நாளைக்குப் பாடுற பிள்ளைக அந்த மாடியில ஏறணும். யோசிக்கணும்லா? நான் ஸ்டீல் பைப் போட்டுருவோம்னு சொல்லுதேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பார்த்தேன்.

‘கொம்பையா ஆசாரியின் வேலையில் உறுதி போதாது என்று தெரியவந்திருப்பதால், மேற்படி வேலையை அவருக்குக் கொடுப்பதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ எழுத்துப் பிழை எதுவும் இல்லை. வாசித்துக் காட்டியதும் சாமி கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 4, புதன்

மத்தியானம் ரெஜி சாப்பிட வந்திருந்த நேரத்தில் கொம்பையா வந்து வாசலில் நின்றார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பணிந்து பேசுகிற ஆள் இல்லை. சட்டைப்பையில் பென்சில், தோளில் பை.

“சார், கோயில் வேலை போயிருச்சு. அது போகட்டும். ரெண்டு வீட்டுல முன்பணத்தத் திருப்பிக் கேக்காங்க. கதவு மாட்ட ஒத்துக்கிட்டவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் ஆணி அடிக்கிற ஆளு இல்ல. ஒவ்வொரு காலுக்கும் மேலயும் கீழயும் மர முளை அடிச்சு நிறுத்துனது. ஒடஞ்சிருந்தா அடிக்கட்ட குழியிலயே நிக்கும். அந்தக் குழிய மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்.”

“பாத்து என்ன செய்யப் போறீங்க?” ரெஜி சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிட்டான். “அவ கைய ஒட்ட வைப்பீங்களா? வேண்டாம் ஆசாரி. என் படியில கால் வைக்காதீங்க.”

கொம்பையா என் பக்கம் திரும்பினார். “டீச்சர், அந்த ஒடஞ்ச துண்டாவது இருக்கா? காட்டுங்க. என் வேலையில தப்புன்னா கோயிலுக்கே வந்து ஒத்துக்கிடுதேன்.”

“குப்பை வண்டியில போட்டாச்சு” என்றேன். வகுப்பில் பெயர் வாசிப்பதுபோல் குரல் சீராக இருந்தது.

அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “பர்மா தேக்க யாரு டீச்சர் குப்பையில போடுவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ரெஜி மறுபடி சாப்பிட உட்கார்ந்தான். மோர் கேட்டான். ஊற்றினேன்.

மார்ச் 5, வியாழன்

பிப்ரவரி பதினெட்டாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். குப்பை வண்டியில் எதையும் போடவில்லை. போடுவதற்குத் துண்டு எதுவும் இல்லை. கால்கள் உடையவே இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு ஜெபக்குழு, நான்தான் தலைவி. கிறிஸ்துமஸுக்குக் குழுவுக்குக் குழு, இயேசு பிறந்த தொழுவம்போல் குடில் அமைக்கும் போட்டி நடக்கும். நாலு வருஷமாகப் பக்கத்துத் தெருக்காரர்கள்தான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின கிறிஸ்துமஸில் அந்தத் தெருத் தலைவி என்னிடமே வந்து, “டீச்சர், அடுத்த தடவ நல்லாச் செய்யுங்க” என்று சொன்னாள். என் பழைய மாணவி வேறு. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் தடவை பனை ஓலையில் கூரை, வைக்கோல், நிஜமான மண்பானை எல்லாம் தயார். முன்னால் நிறுத்த இரண்டு தூண் மட்டும் சரியாக அமையவில்லை. பிளாஸ்டிக் குழாயில் காகிதம் ஒட்டிப் பார்த்தோம். சாக்கடைக் குழாய் மாதிரியே இருந்தது. அப்போதுதான் படியைப் பார்த்தேன். சரிவில் நிற்கிற கால்களுக்கு மேலும் கீழும் சாய்வாக வெட்டியிருக்கும். திரும்பும் இடத்தில் நிற்பவை மட்டும் இரண்டு பக்கமும் நேர்வெட்டு. தூணாக அப்படியே நிற்கும்.

டிசம்பர் இருபதாம் தேதி ரெஜியும் ஜெசிந்தாவும் பாடல் ஒத்திகைக்குப் போன நேரத்தில், சுத்தியலும் திருப்புளியும் வைத்து முளைகளைத் தட்டி எடுத்தேன். ஒரு மணி நேரம் பிடித்தது. கொம்பையா அடித்த முளை லேசில் வரவில்லை. அவ்வளவு கெட்டி வேலை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

கால்களுக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்து, ஜிகினா தூவினேன். பழைய சாமான் கடையில் வாங்கியது என்று குழுவில் சொன்னேன். படியில் இடைவெளி தெரியாமல் காகிதத் தோரணத்தையும் நட்சத்திரத்தையும் நெருக்கிக் கட்டினேன். ஜனவரி முதல் வாரம் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் முதல் பரிசு கிடைத்துவிட்டது. எல்லோரும் பார்க்கட்டும் என்று குடிலைப் பிப்ரவரி இரண்டு, மெழுகுதிரித் திருநாள்வரை கோயில் மண்டபத்திலேயே வைத்துவிட்டார்கள். மூன்று நாள் மீதி இருக்கும்போது ஜெசிந்தா சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெஜி, “அக்கா, அந்த வேலையப் பாத்தது யாரு?” என்று கத்தினான். “போன ஜூன்ல கொம்பையாதான் பாத்தாரு” என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுநாள் அவன் துண்டுகள் எங்கே என்று கேட்டபோதுதான் குப்பை வண்டிக் கதை வந்தது.

கால்கள் இரண்டும் கோயில் சாமான் அறையில், குடிலோடு கிடக்கின்றன. கேடயம் நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான்.

மார்ச் 10, செவ்வாய்

பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ரெஜியிடம் பென்ஷன் விஷயம் என்று சொன்னேன் (அதுவும் கணக்கில் சேரும்). என்னை யாருக்கும் தெரியாத கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். “இரண்டு பொய் சொன்னேன் சாமி. அதனால் ஒருவருக்கு நஷ்டம்” என்றேன். உள்ளே இருந்தது சின்ன வயதுச் சாமியார். இருமல் வேறு. “மூணு அருள்நிறை ஜெபம் சொல்லுங்க அம்மா” என்றார்.

மூன்றே மூன்று. நான் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்குக்கூடப் பத்துத் தடவை எழுதச் சொல்வேன். அவர்மேல் கோபம் வந்தது. முழுதாகச் சொல்லாதவள் நான். கோபமும் எனக்கே வருகிறது. முப்பது சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் காப்பி வாசனை வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஜெசிந்தாவின் வலது கை வெளிறி, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோபோல் இருந்தது. விரலை நீட்டச் சொன்னார் டாக்டர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீண்டன. மற்ற மூன்றும் பாதியில் நின்றன.

“பயிற்சி செஞ்சா வரும். முழுசா வரும்னு இப்பவே சொல்ல முடியாது” என்றார்.

கோயிலில் எட்டு வருஷமாகக் கீபோர்டு வாசிப்பவள் ஜெசிந்தா. ஈஸ்டர் பூசையில் ‘உன்னதங்களிலே’ தொடங்கும்போது அவள் கைதான் முதலில் விழும். ஆட்டோவில் வரும்போது மடியில் அந்தக் கையை வைத்து, மற்றக் கையால் ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே வந்தாள். வீடு நெருங்கும்போது என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

“எங்கம்மா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க மைனி.”

இதற்கு அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

உருக்கிய மெழுகில் கையை முக்கி விரல் பயிற்சி, காலை ஒன்று, மாலை ஒன்று. மோதிர விரல் ஒரு நூல் அளவு நீண்டிருக்கிறது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

குருத்தோலை பவனி முடிந்து பேரவை கூடியது. ஸ்டீல் பைப்புக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், தீர்மானம் எழுதுங்கள் டீச்சர் என்றார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். 

“கொம்பையாமேல தப்பு கிடையாது. தப்பு என்மேலதான்” என்றேன்.

அதற்கு மேல் ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘குடிலுக்காக நான்தான் காலைக் கழற்றினேன்.’ வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். அது வாயில் இருந்தது. எதிரே அந்தப் பழைய மாணவி உட்கார்ந்திருந்தாள். அது வாயிலேயே இருந்துவிட்டது.

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா சாமி? அவங்க வீட்டு ஆளு கீழ விழுந்திருக்கு. ஆனா அந்த ஆசாரி பொழப்பு போகக்கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்கிடுதாங்க.” சாமி எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தவக்காலம் என்றால் என்ன என்று டீச்சரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். கை தட்டினார்கள். ஸ்டீல் பைப் விஷயத்தை ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

நான் உட்கார்ந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, நான் என்ன செய்ய என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் ரெஜி, “அக்கா, உனக்கு இம்புட்டு எளகுன மனசா?” என்று காப்பி போட்டுக் கொடுத்தான். நோன்பை மறந்து குடித்துவிட்டேன். நன்றாகவும் இருந்தது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னையும் உட்காரவைத்தார் சாமி. தாழ்மைக்கு உதாரணமாம். வெள்ளைத் துணி போட்ட பெஞ்சு. அவர் முழங்காலிட்டு என் வலது பாதத்தில் தண்ணீர் ஊற்றினார், துண்டால் ஒற்றினார், குனிந்து முத்தமிட்டார்.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கோயிலின் பின்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்து ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

உபவாசம். யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 4, பெரிய சனி

காலை பத்து மணிக்குப் பீடத்துக்குப் பூ கட்டப் போனேன். கோயிலுக்குப் பின்புறம் கோடாலிச் சத்தம். மணியடிக்கிற தொம்மை அண்ணன், ராத்திரிப் பூசைக்கு முன் மந்திரிக்கிற புதுத் தீக்காக விறகு உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பனை ஓலைக் கூரை பிரித்துக் கிடந்தது. எங்கள் குடில்.

“சாமான் ரூமெல்லாம் கரையான் டீச்சர். ஒங்க குடிலத்தான் தீக்குப் போடச் சொன்னாரு சாமி. வீணாப் போகலல்லா” என்றார். தங்க நிறக் காலில் ஒன்றை எடுத்து நிறுத்தினார். “இது மட்டும் தேக்கு. சும்மா நின்னு எரியும்.”

நான் பூக்கூடையோடு நின்றேன். அவர் கோடாலியை ஓங்கினார். ராத்திரி பத்தரைக்குள் இரண்டும் சாம்பலாகிவிடும். அதற்குப் பிறகு கொம்பையா குழியைப் பார்த்தாலும் பொருத்திக் காட்டக் கால் இருக்காது. எல்லோரும் மெழுகுதிரியை ஏந்தி அந்தத் தீயிலிருந்தே பற்றவைப்போம். நானும் பற்றவைப்பேன். இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் தெளிவாக நினைத்தேன். கோடாலி இறங்கியது. கால் நெட்டுக்கு இரண்டாகப் பிளந்தது. நான் வாய் திறக்கவில்லை. இதையும் எழுதுகிறேன்.

அவர் இரண்டாவது காலை எடுத்தார்.

“அத வைங்க அண்ணே.”

“என்ன டீச்சர்?”

“அது என் வீட்டுப் படியில இருந்த கால். ரெண்டையும் நான்தான் கழட்டுனேன். ஜெசிந்தா விழுந்தது அதனாலதான்.” இரண்டு மாதமாக வராத வாக்கியம், பூக்கூடையைக் கீழே வைப்பதற்குள் வந்துவிட்டது.

தொம்மை அண்ணன் கோடாலியைச் சுவரில் சாய்த்துவைத்தார். காலையும், பிளந்த இரண்டு துண்டுகளையும் என் கையில் கொடுத்தார். 

நேராகக் கொம்பையாவின் பட்டறைக்குப் போனேன். ஜிகினா சேலையெல்லாம் ஒட்டியது. அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, காலைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். உளியால் கீறிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு கால் அடியிலும், அது நிற்கிற குழிக்குள்ளும் ஒரே மாதிரிக் கோடு போடுவது அவர் வழக்கமாம். கால் மாறிவிடக் கூடாதென்று. எனக்கு அது தெரியாது.

“நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து யோசிச்சேன் டீச்சர்” என்றார். “முளை எங்க தப்பிருக்கும், மரம் ஈரமா இருந்துச்சோ, ஜூன் மாசக் காத்தோன்னு. எனக்கே எம் வேலைமேல சந்தேகம் வந்துருச்சு. ரெண்டு மாசமா உளி எடுத்தா கை நிதானம் இல்ல. நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. “நடங்க, ஒங்க வீட்டுக்குப் போவோம்” என்றார்.

வீட்டில் ரெஜி அவரைப் பார்த்ததும் எழுந்தான். கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கொம்பையா படியேறி, நைலான் கயிற்றை விலக்கி, காலைக் குழியில் இறக்கினார். போய் உட்கார்ந்தது. கோட்டுக்குக் கோடு சேர்ந்தது. நான் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பரிசு, பெயிண்ட், குப்பை வண்டி எல்லாம். ரெஜி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜெசிந்தா அறை வாசலில் ஊன்றுகோலோடு நின்றாள். அவள் அழவில்லை. ஏதோ பழைய கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி முகம்.

“நான் விழுந்து கெடக்கும்போது தண்ணி கேட்டேன். அவங்க ஆட்டோ கூப்பிட ஓடிட்டாங்க. நீங்க படியில நின்னு தோரணத்த அவுத்துச் சுருட்டிக்கிட்டு இருந்தீங்க. வலியில எனக்கு அப்படித் தோணிச்சுன்னு இத்தன நாளா நெனச்சேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மைதான். இடைவெளியை மறைத்த தோரணத்தை அவிழ்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் எடுக்கப் போனேன். மார்ச் ஐந்தாம் தேதி எல்லாம் எழுதிவிட்டேன் என்றேனே, இதை எழுதவில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ராத்திரிப் பூசைக்குப் போனேன். பின்னால் நின்றேன். கீபோர்டு வேறு யாரோ வாசித்தார்கள். பூசைக்கு முன்பே சாமியிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். அவர் இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. “எழுதுனது நீங்க. நீங்களே திருத்துங்க” என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

தவக்காலம் முடிந்துவிட்டது. நோட்டில் பக்கம் இருக்கிறது.

ஜெசிந்தா இன்று தானே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். இடது கையால். செம்பு இரண்டு தடவை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிடுவாள் என்று நின்றேன். பிறகு ரெஜி போய்ச் சிக்கெடுத்தான். அவனுக்கு எடுக்கத் தெரியவில்லை, இழுக்கிறான். அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

சோற்றை நான் வைத்தால் சாப்பிடுகிறாள். பேச்சு இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பேரவை. மார்ச் முதல் தேதித் தீர்மானத்தின் கீழே எழுதி, எழுந்து நின்று வாசித்தேன். ‘மேற்கண்ட தீர்மானத்துக்குக் காரணமான தகவல் பொய். கால்களைக் கழற்றியவளும் அதை மறைத்தவளும் இந்தக் குறிப்பை எழுதும் நான்தான். கொம்பையா ஆசாரியின் வேலையில் குறை எதுவும் இல்லை.’ பழைய மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். யாரும் கை தட்டவில்லை. பாடகர் மாடி வேலை கொம்பையாவுக்கே என்று முடிவானது. செயலர் பதவியை விட்டுவிட்டேன். கேடயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே கொம்பையா காத்துக்கொண்டிருந்தார். “அத அப்படியே இன்னொரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர். கதவு வேலை போன வீட்டுல காட்டணும்.” படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதி கேட்டார்.

ஏப்ரல் 18, சனி

கொம்பையா வேலைக்கு வந்தார். பிளந்துபோன காலுக்குப் பதில் புதிதாக ஒன்று கடைந்து கொண்டுவந்திருந்தார். பழைய காலில் பெயிண்டைக் கண்ணாடித் துண்டால் சுரண்டியும் கடைசல் பள்ளங்களில் கொஞ்சம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. கைப்பிடியின் நுனியைச் செதுக்கி மூலைக் கம்பத்தில் மறுபடி பொருத்தினார். இரண்டு காலையும் நிறுத்தி, மேலும் கீழும் முளை அடித்தார். பதினோரு மணிக்கு வேலை முடிந்தது.

“யாராவது ஒரு ஆளு சாஞ்சு பாருங்க. கிறீச்சுனு சத்தம் வருதான்னு நான் கீழ இருந்து கேக்கணும்” என்றார்.

ரெஜி படியில் கால் வைத்தான்.

“நீங்க வேண்டாம்.” கூடத்து நாற்காலியிலிருந்து ஜெசிந்தா சொன்னாள். “மைனி சாயட்டும்.”

பதினான்கு நாளுக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. நான் ஏறினேன். திரும்பும் இடத்தில் நின்று இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினேன். கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது.

“அப்படி இல்ல. எங் கையில துணி வாளி இருந்துச்சு. முதுகக் குடுத்துச் சாஞ்சேன்.”

ரெஜி என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் தலையசைத்தேன். அவன் வாளியில் தண்ணீர் பிடித்து மேலே கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திரும்பி நின்றேன். இப்போது தரை தெரியவில்லை. எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வாளித் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல முதுகைக் கொடுத்தேன்.

“நல்லாச் சாயுங்க” என்றாள்.

முழுப் பாரத்தையும் விட்டேன். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மரம் தாங்கியது. கொம்பையா கீழே தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை என்று கை காட்டினார். ரெஜி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஜெசிந்தா வலது கையை மடியில் வைத்து, மடங்கிய மூன்று விரல்களையும் இடது கையால் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் போதும் என்று சொல்லும்வரை அப்படியே சாய்ந்து நின்றேன்.